உதட்டுப் பிளவு: பழி வேண்டாம், சிகிச்சை வேண்டும்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



எங்கள் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். மேலுதட்டில் தழும்பு, பேச்சு மூக்கால் வரும். பேசும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வாள். வாசிப்புப் பாடத்தில் அவளது முறை வந்தால் நாங்கள் சிரித்தோம். ஒரு தவணை விடுமுறைக்குப் பின் அவள் வரவேயில்லை.

அவளுக்கு இருந்தது உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும். உலகில் ஏறக்குறைய 700 பிள்ளைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது. கிரகணத்தன்று தாய் கத்தி பிடித்ததால் வந்தது என்று இன்றும் சொல்வோர் உண்டு. அது உண்மையல்ல. கருவில் உதடு 7ஆம் வாரமளவிலும், அண்ணம் 12ஆம் வாரத்துக்குள்ளும் பொருந்திவிடும். உதடு பொருந்தும் நாட்களில், தான் கர்ப்பிணி என்பதே பல பெண்களுக்குத் தெரியாது. பரம்பரை, சில மருந்துகள், புகைத்தல் எனக் காரணங்கள் பல இருக்கலாம். பெரும்பாலும் இதுதான் என்று ஒன்றைச் சுட்ட முடியாது. பழிக்கு அஞ்சும் தாய் பிள்ளையைச் சேலைத் தலைப்பால் மூடி வீட்டுக்குள் வைத்திருப்பாள். காலம் போய்விடும்.

காலம்தான் முக்கியம். வழமையாக 3 முதல் 6 மாதத்தில் உதட்டுக்கும், 9 முதல் 18 மாதத்தில் அண்ணத்துக்கும் சத்திரசிகிச்சை செய்வார்கள். 1980களில் மைக்கல் மார்ஸ் என்ற பிரித்தானியப் பல் வைத்திய நிபுணரின் குழு காலியில் பணியாற்றியபோது, சிகிச்சையின்றியே வளர்ந்தவர்கள் பலர் வந்தனர். பிந்தி அண்ணத்தை மூடியும், அவர்களில் பலருக்குப் பேச்சு சீராகவில்லை. மூக்கால் பேசும் பழக்கம் அதற்குள் ஊறிவிட்டது.

கண்டியிலிருக்கும் நமக்குப் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை பக்கத்தில்தான். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் தோட்டத்துத் தாய்க்கு ஒவ்வொரு கிளினிக்கும் ஒரு நாள் பேர், இரண்டு பஸ் கூலி. பேச்சுப் பயிற்சி, காது பரிசோதனை, பல் வரிசை திருத்தம் எனப் பல வருடம் அலைய வேண்டும். பாதியில் நிற்பவர்கள் அதனால்தான் நிற்கிறார்கள்.

சகோதரிகளே, நம்மில் ஆசிரியைகள், தாதியர், தோட்டங்களில் பணிபுரிவோர் இருக்கிறோம். அப்படி ஒரு பிள்ளையைக் கண்டால் தாயிடம் காரணம் கேட்காமல், கிளினிக் நாளைக் கேட்போம். பால் மூக்கால் வந்தால், பிள்ளையை நிமிர்த்திப் பிடித்துக் கரண்டியால் சிறிது சிறிதாகப் புகட்டச் சொல்வோம். வகுப்பில் அப்பிள்ளை வாசிக்கும்போது, முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்போம்.

எங்கள் தோழியைத் தேடினோம், கிடைக்கவில்லை. இந்த மலர் அவள் கையில் கிடைத்தால், நாங்கள் மன்னிப்புக் கேட்டதை அவள் அறியட்டும்.