குகைகள் கற்பிக்கும் தவக்குல்

புகழனைத்தும் வல்ல அல்லாஹ்வுக்கே உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

வெள்ளிதோறும் சூரத்துல் கஹ்ஃபை ஓதுகின்றோம். கஹ்ஃபு என்றால் குகை. ஈமானைக் காத்துக்கொள்ள இளைஞர் சிலர் குகையில் தஞ்சம் புகுந்த வரலாறு அதில் இடம்பெற்றுள்ளது. அந்தக் குகை நமக்கும் ஒரு பாடம் சொல்கிறது.

ஐரோப்பாவில் ஸ்லோவேனியா, குரோஷியா நாடுகளின் சுண்ணாம்புக்கல் குகைகளில் ‘ஓல்ம்’ எனும் நீர்வாழ் பிராணி ஒன்று உண்டு. அதன் கண்களைத் தோல் மூடியிருக்கும். மோப்பத்தாலும் நீரின் அசைவாலும் இரையை அறிந்துகொள்ளும். இரை கிட்டாவிட்டால் பல ஆண்டுகள் உண்ணாமலேயே உயிர் வாழும். சூரிய ஒளி எட்டாத அவ்விடத்திற்கும் ரப்புல் ஆலமீனின் ரிஜ்கு எட்டுகிறது. சுப்ஹானல்லாஹ்!

ஆனால் மனிதன் இருளுக்கென்று படைக்கப்பட்டவன் அல்லன். ஆகவேதான் குகைகளை ஆராய்வோர் சில ஒழுங்குகளைப் பேணுகிறார்கள். தனியே நுழைவதில்லை. ஒரு விளக்கு அணைந்தால் வேறு விளக்கு கைவசம் இருக்கும். எங்கே செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வெளியில் ஒருவரிடம் சொல்லிவிட்டே இறங்குவார்கள்.

2018 ஜூன் 23 அன்று, வட தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் 12 சிறுவர்கள் தம் கால்பந்துப் பயிற்சியாளருடன் சென்றார்கள். மழைவெள்ளம் வழியை அடைத்துவிட்டது. வாசலில் நின்ற அவர்களின் சைக்கிள்கள், உள்ளே ஆட்கள் இருப்பதைக் காட்டிக்கொடுத்தன. ஒன்பது நாட்கள் உணவின்றி, பாறையில் வடிந்த நீரைப் பருகி உயிர் பிழைத்தவர்களை ஜூலை 2 அன்று பிரிட்டிஷ் முக்குளிப்பாளர் இருவர் கண்டனர். ஜூலை 10க்குள் 13 பேரும் மீட்கப்பட்டனர். அவர்களுக்காகக் காற்று உருளைகளைக் கொண்டுசென்ற முன்னாள் கடற்படை வீரர் சமன் குனான், ஜூலை 6 அன்று தம் உயிரையே ஈந்தார்.

அன்பர்களே! இப்போது ஸவ்ர் குகையை எண்ணிப் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் அங்கே மூன்று இரவுகள் தங்கினார்கள். தனியே அல்ல, உடன் அபூபக்ர் (ரலி) இருந்தார்கள். அன்னாரின் மகனார் அப்துல்லாஹ் (ரலி) இரவில் மக்காவின் செய்தியைக் கொண்டுவந்தார்கள். ஆமிர் பின் ஃபுஹைரா (ரலி) ஆடுகளை ஓட்டிவந்து பால் தந்தார்கள். அஸ்மா (ரலி) பயண உணவைக் கட்டித் தந்தார்கள். வழிகாட்டி ஒருவர் முன்பே கூலிக்கு அமர்த்தப்பட்டிருந்தார். இத்தனை ஏற்பாட்டையும் செய்தபின், பகைவர் குகைவாசலுக்கே வந்தபோது, அல்லாஹ் நம்முடன் இருக்கிறான் என்று தோழரின் கலக்கத்தை அகற்றினார்கள் (பார்க்க: அல்குர்ஆன் 9:40). இதுவே தவக்குல். ஏற்பாட்டைக் கைவிடுவது தவக்குல் ஆகாது. ஏற்பாட்டையே நம்பியிருப்பதும் தவக்குல் ஆகாது.

இன்று நம் மஹல்லாக்களிலும் குகைக்குள் சிக்கியோர் இருக்கிறார்கள். வட்டிக் கடனில் மூழ்கிய தந்தை, போதையில் விழுந்த மகன், மனம் நொந்து வாய் திறவாத மகள். வெளியில் தெரிந்தால் மானம் போய்விடுமே என்று இருளிலேயே அமர்ந்திருக்கிறார்கள். சகோதரரே, நீங்கள் அந்த நிலையில் இருந்தால் நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். நபி (ஸல்) அவர்களின் இருப்பிடமும் நம்பிக்கையான சிலருக்குத் தெரிந்தேயிருந்தது.

பெற்றோர்களே, பிள்ளை உண்மையைச் சொல்லும்போது முதலில் சினம் கொள்ளாதீர்கள். சினந்தால் அவன் இன்னும் உள்ளே போய்விடுவான். ஜமாஅத்தார்களே, வழக்கமாகத் தொழ வருபவர் இரண்டு ஜும்ஆவாகக் காணப்படவில்லையா? அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். வாசலில் நின்ற சைக்கிள்கள், உள்ளே ஆட்கள் இருப்பதைக் காட்டியதை நினைவில் கொள்ளுங்கள்.

இருளில் இருப்போரை வெளிச்சத்திற்குக் கொணரும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.