அரவை ஆலையில் எவற்றை அளக்க வேண்டும்?

(கிராமத் தொழிற்கூடப் பொறுப்பாளர்களின் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



நெல் விளையும் வட்டாரங்களில் அரவை ஆலையைப் போல மக்களின் அன்றாட வாழ்வோடு இணைந்த தொழிற்கூடம் வேறொன்றில்லை. அத்தகைய ஆலைகளின் கரும்பலகையில் பெரும்பாலும் ஒரே ஓர் எண்தான் எழுதப்படுகிறது: நேற்று அரைத்த மூட்டைகள் எத்தனை என்பது. அது கூடினால் மகிழ்கிறோம். குறைந்தால் காரணம் கேட்கிறோம். ஆலையின் செயல்திறனை அறிய இந்த ஓர் எண் போதுமா, போதாதெனில் வேறெவற்றை அளப்பது என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

கண்டுமுதல்

நூறு கிலோ நெல்லில் ஏறத்தாழ 20 கிலோ உமி, 8 கிலோ வரை தவிடு, எஞ்சுவது அரிசி. அரசுக்காக நெல் அரைத்துக் கொடுக்கும் ஆலைகள் நூறு கிலோ நெல்லுக்குப் பச்சரிசியாயின் 67 கிலோவும், புழுங்கலரிசியாயின் 68 கிலோவும் திருப்பித் தர வேண்டுமென விதி வகுத்திருப்பதும் இக்கணக்கையொட்டியே. நாளொன்றுக்கு 10 டன் நெல் அரைக்கும் ஆலையில் கண்டுமுதல் ஒரு சதவிகிதம் குறைந்தால் 100 கிலோ அரிசி நட்டம். ஆண்டில் 300 நாள் வேலை நடந்தால் அது 30 டன். மூட்டைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும் ஆலையில் இத்தனை அரிசியும் எவர் கண்ணிலும் படாமல் தவிட்டோடும் உமியோடும் போய்விடக்கூடும். ஆகவே நாம் தெரிந்தெடுக்க வேண்டிய முதற் குறியீடு கண்டுமுதலே.

ஆயினும் ஈரத்தை அளக்காமல் கண்டுமுதலை அளப்பதால் பயனில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வேளையில் வந்துசேரும் குறுவை நெல்லை எண்ணிப் பாருங்கள். 17 சதவிகித ஈரமுள்ள நூறு கிலோ நெல்லை, அரவைக்கு ஏற்ற 14 சதவிகிதத்திற்கு உலர்த்தினால் 96½ கிலோதான் நிற்கும். மூன்றரைக் கிலோ வெறும் நீராகப் போய்விட்டது. உலர்ந்த நெல்லில் 68 சதவிகிதம் கண்டாலும், ஈர எடையோடு ஒப்பிட்டால் அது 65½ சதவிகிதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். இக்கணக்கை அறியாதவர், குற்றமற்ற தொழிலாளி மீது பழி சுமத்துவார். நெல் வந்திறங்கும்போதும் அரவைக்குப் போகும்போதும் ஈரத்தை அளந்து குறித்தால்தான் கண்டுமுதல் உண்மை பேசும்.

இணை அளவுகள்

எந்தக் குறியீட்டையும் தனித்து நிறுத்தலாகாது. ஒன்றை உயர்த்த முனையும்போது எது கெடும் என்று கேட்டு, அதையும் உடன் அளக்க வேண்டும். மூட்டைக் கணக்கை உயர்த்த இயந்திரங்களுக்கு மிகுதியாக நெல்லைச் செலுத்தினால் நொய் பெருகுகிறது. ஆகவே மூட்டைக் கணக்கின் பக்கத்தில் நொய்யின் சதவிகிதம் இருக்க வேண்டும். பொது விநியோகத்திற்கான அரிசியில் நொய் பச்சரிசிக்கு 25 சதவிகிதத்தையும், புழுங்கலரிசிக்கு 16 சதவிகிதத்தையும் மிஞ்சலாகாதென நெடுங்காலம் வரம்பு வகுக்கப்பட்டிருந்தது. கண்டுமுதலுக்கும் இவ்வாறே ஓர் இணை வேண்டும். அரிசியைப் போதிய அளவு தீட்டாமல் விட்டால் தவிடும் சேர்ந்து எடையில் நிற்கும், எண் உயரும், ஆனால் வாங்கியவர் வீட்டில் அரிசி விரைவில் சிக்கு நாற்றம் கொள்ளும். எனவே கண்டுமுதலோடு தீட்டலின் தரத்தையும் மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும்.

மணிதோறும் பார்ப்பது

நாம் கூறிய கண்டுமுதல், ஒரு தொகுதி நெல் முழுதும் அரைபட்ட பின்னரே தெரியவருவது. அதற்குள் நட்டம் நேர்ந்துவிடும். வேலை நடக்கும்போதே தொழிலாளி கண்டு திருத்தத்தக்க அளவு ஒன்றும் வேண்டும். உமி நீக்கும் பொறியில் இரண்டு ரப்பர் உருளைகள் வெவ்வேறு வேகத்தில் எதிரெதிராகச் சுழல்கின்றன. வேகமாகச் சுழலும் உருளை முன்னதாகத் தேய்கிறது. தேயத் தேய வேக வேறுபாடு குறைந்து, உமி நீங்காத நெல் மிகுகிறது. மணிக்கொரு முறை கைப்பிடி எடுத்து, நூறு மணிகளில் உமி நீங்காதவை எத்தனை என்று எண்ணினால் போதும். இடைவெளியைச் சரிசெய்யவோ, உருளைகளை இடம் மாற்றவோ, புதியன பூட்டவோ வேண்டிய நேரத்தை அவ்வெண்ணே அறிவித்துவிடும்.

இயந்திரம் நின்ற நிமிடங்களையும் காரணத்தோடு குறிக்க வேண்டும். மின்தடையா, பட்டை அறுந்ததா, நெல் வரவில்லையா என்பது தெரிந்தால்தான் பரிகாரம் தேட இயலும். இக்குறிப்பைக் கொண்டு எவரையும் தண்டிக்கலாகாது. ஒரு முறை தண்டித்தால் மறுநாள் முதல் 40 நிமிடம் 10 நிமிடமாக எழுதப்படும்; பின்னர் அப்பதிவேடு எதற்கும் உதவாது.

ஏற்ற இறக்கம்

நாள்தோறும் எண்கள் சிறிது ஏறுவதும் இறங்குவதும் இயல்பு. 1924-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், தொலைபேசிக் கருவிகள் செய்த ஆலைக்காக வால்ட்டர் ஷூவார்ட் என்னும் அறிஞர் ஒரு வரைபட முறையை வகுத்தார். இயல்பான அசைவு எது, தனிக் காரணத்தால் நேர்ந்த மாறுதல் எது என்று பிரித்துக் காட்டுவது அது. முதலில் ஒரு மாதம் எண்களைக் குறித்து, வழக்கமான எல்லையை அறிவோம். எல்லைக்குள் இருப்பதற்காக ஒருவரைப் புகழவும் வேண்டாம். ஒருவரைக் கடியவும் வேண்டாம். எல்லையைத் தாண்டிய அன்று உடனே காரணம் தேடுவோம்.

எவை, எத்தனை?

ஆகவே ஒரு நடுத்தர ஆலைக்கு ஆறு குறியீடுகள் போதுமென்பது நம் கருத்து: ஈரங்கண்டு கணக்கிட்ட கண்டுமுதல், தீட்டலின் தரம், நொய்யின் சதவிகிதம், உமி நீங்காத மணிகள், நின்ற நிமிடங்கள், ஒரு டன் நெல்லுக்குச் செலவான மின்சார யூனிட்டுகள். இவற்றோடு, எக்காலத்திலும் விட்டுவிடலாகாதது, தொழிலாளருக்கு நேரும் காயங்களின் பதிவு. உற்பத்தி உயர்ந்து, கை நசுங்குமாயின் அதை முன்னேற்றம் என்று சொல்ல முடியாது.

புதிதாக ஓர் அளவைச் சேர்க்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்போம். இவ்வெண் மாறினால் நாம் என்ன செய்வோம்? அதைச் செய்யும் பொறுப்பு யாருடையது? இதை உயர்த்தினால் வேறெது கெடும்? விடை கிடைக்காத அளவைப் பலகையில் எழுதுவது வீண்வேலை. மூன்று மாதத்திற்கொரு முறை தொழிலாளரோடு அமர்ந்து பட்டியலைப் பார்வையிட்டு, ஒரு நடவடிக்கைக்கும் வழிகாட்டாத எண்ணை நீக்கிவிட வேண்டும். பொறியின் ஒலி மாறுவதை முதலில் அறிபவர் அதன் அருகே நிற்பவரே. ஆகையால் குறியீடுகளைத் தெரிந்தெடுப்பதிலும் அவருக்கு இடமிருக்க வேண்டும்.

ஆலைக்கு வரும் ஒவ்வொரு மூட்டையிலும் ஓர் உழவர் குடும்பத்தின் ஒரு பருவ உழைப்பு அடங்கியிருக்கிறது. அதிலிருந்து கிடைக்கக்கூடிய அரிசி முழுவதும் மக்களைச் சென்றடையச் செய்வது நம் கடமை. ஊர் திரும்பியதும் நாளைக் காலையே ஈரமானியையும் தராசையும் சரிபார்த்து, உங்கள் கரும்பலகையில் இரண்டாவது எண்ணாகக் கண்டுமுதலை எழுதத் தொடங்குங்கள்.