குருதியில் மிகும் மக்னீசியம்



பத்துமலையின் 272 படிகளில் ஏறும் நாம் ஒரு சுண்ணாம்புப் பாறைக் குன்றின்மீது ஏறுகின்றோம். சுண்ணாம்புப் பாறையின் முதன்மை உலோகம் கால்சியம். தனிம அட்டவணையில் அதற்கு நேர்மேலே நிற்பது மக்னீசியம். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இவ்விரண்டும் நம் நரம்பு முனைகளில் எதிரெதிராய்ப் பணிபுரிகின்றன.

படியேறத் தொடைத்தசை சுருங்க வேண்டும். அதற்கு, நரம்பு முனைக்குள் கால்சியம் நுழைந்து, அசெட்டைல்கோலின் என்னும் செய்திப் பொருளை வெளிவிடச் செய்ய வேண்டும். மக்னீசியம் அந்நுழைவைத் தடுக்கின்றது. அளவோடு இருப்பின் அத்தடை நரம்பும் இதயமும் மிகைபடத் துடிக்காமல் காக்கும். அளவு மீறின் அதுவே உடலை முடக்கும்.

வளர்ந்தோர் உடலில் ஏறத்தாழ 25 கிராம் மக்னீசியம் உண்டு. அதில் நூற்றில் ஒரு பங்கினும் குறைவே குருதியில் ஓடுகின்றது. இயல்பான அளவு லிட்டருக்குச் சுமார் 0.7 முதல் 1.0 மில்லிமோல். எஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். ஆதலின் நலமுள்ளோர்க்குக் கீரையாலும் பருப்பாலும் மிகை நேர்வதில்லை. சிறுநீரகம் பழுதுற்றால் நிலைமை வேறு. முதலில் குமட்டலும் சோர்வும் தோன்றும். இரத்த அழுத்தம் தாழும். அளவு 3.5 முதல் 5 மில்லிமோலை எட்டும்போது, முழங்காலைத் தட்டினால் கால் எழும்பாது. அதற்கும் மேற்பட்டால் மூச்சுத்தசைகள் ஓயும். இறுதியில் இதயம் நிற்கும்.

மூளை என்னாகும்? மக்னீசியம் சல்பேட்டைச் சிரைவழிச் செலுத்தி மனிதரை மயக்கத்தில் ஆழ்த்தலாம் என்று 1916இல் பெக், மெல்ட்சர் ஆகியோர் எழுதினர். 1966இல் சோம்ஜன் குழுவினர் தன்னார்வலர் இருவரிடம் அதனை ஆய்ந்தனர். தசைகள் செயலிழந்தன, நினைவோ அகலவில்லை. குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு, மக்னீசியத்தை எளிதில் உள்ளே விடுவதில்லை. இரத்த அழுத்தமும் மூச்சும் குன்றுவதால் நோயாளிக்குக் குழப்பம் நேரலாம். ஆயினும் அசைவற்றுக் கிடப்பவர் உணர்வற்றவர் என்று நாம் முடிவு கட்டலாகாது.

இதே மக்னீசியம் சல்பேட்டு, பேறுகால வலிப்பினின்று தாயரைக் காக்கும் மருந்துமாகும். 33 நாடுகளில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் நடைபெற்று 2002இல் வெளிவந்த ஆய்வில், அது வலிப்பு நேர்வதைப் பாதிக்கும் மேலாகக் குறைத்தது. அதனைச் செலுத்துங்கால் முழங்கால் எதிர்வினை, மூச்சு, சிறுநீரின் அளவு ஆகியவற்றைக் கண்காணிப்பர். மிகை தென்படின் மாற்றாகக் கொடுப்பது கால்சியம் குளுக்கோனேட்டு. ஒன்றை ஒன்று தடுக்கும் இயல்பே இங்கு உயிர் காக்கின்றது.

நம் நாட்டில் டயாலிசிஸ் தொடங்குவோரிடையே முதன்மைக் காரணம் நீரிழிவு. அந்நோயுடைய முதியோர் பலர் நம் இல்லங்களில் உள்ளனர். நெஞ்செரிச்சலுக்கான மருந்துகள் சிலவற்றிலும், மலச்சிக்கலுக்கான மருந்துகள் சிலவற்றிலும், பேதியுப்பிலும் மக்னீசியம் உண்டு. சிறுநீரகம் தளர்ந்தவர் மருத்துவரைக் கேளாமல் இவற்றை உட்கொள்ளலாகாது. உட்கொண்டபின் மிகுந்த உறக்கமும் தளர்ச்சியும் கண்டால், அதனை முதுமை என்று தள்ளிவிடாது உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

வெளிமம் என்னும் தமிழ்ச்சொல்லை மாணவர் அறிந்திருத்தல் நன்று. எனினும் மருந்துப் புட்டியில் மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சிடப்படுவது மக்னீசியமே. அவ்வெழுத்துகளைப் படிக்க இயலாத பாட்டிக்குப் பேரப்பிள்ளை படித்துச் சொல்லட்டும். வகுப்பறையில் கற்கும் ஒரு தனிமத்தின் பெயர், வீட்டில் ஓர் உயிரைக் காக்கக் கூடும்.