பட்டத்திற்கு அப்பால் அரங்கம்

நாடகம் பயின்று பட்டம் பெற்ற இளைஞன் பின்னர் எங்கே செல்கிறான்? இலங்கையில் பெரும்பாலும் பாடசாலைக்கே செல்கிறான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும், மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் நாடகமும் அரங்கியலும் கற்பிக்கின்றன. ஆயின், மாதச் சம்பளம் கொடுத்து நடிகரைப் பேணும் தமிழ்க் குழு இங்கு அரிதினும் அரிது. ஆசிரியத் தொழில் உயர்ந்ததே. எனினும், பயின்ற கலை ஆண்டுக்கொரு தமிழ்த்தினப் போட்டியளவில் ஒடுங்கிப் போவது இழப்பன்றோ?

டில்லியில் 1959இல் தோன்றிய தேசிய நாடகப் பள்ளி, 1964இலேயே தனக்கெனத் தொழின்முறைக் குழுவொன்றை அமைத்தது. சென்னையில் ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையும் முழுநேர நடிகரை உருவாக்கியது.

மாத்தளைக்கு இவை எட்டாத காரியங்களா? இம்மாவட்டத் தோட்டங்களில் மாசி மாதத்துக் காமன் கூத்து மறைந்துவிடவில்லை. தப்பு முழங்க, மன்மதனும் ரதியும் லயத்து முற்றத்தில் ஆடுவர். அடவும் பாட்டும் கூத்து வாத்தியாரின் நினைவில் இருக்கின்றனவேயன்றி, ஏட்டில் இருப்பவை சொற்பம். அவரோ முதுமை எய்திவிட்டார். பட்டதாரி ஒருவனை ஓராண்டேனும் அவரிடம் அமர்த்தலாம். அண்டையிலுள்ள பேராதனையில் 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு அண்ணாவியாரையும் மாணவரையும் ஒன்றுசேர்த்தே ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துக்களை மேடையேற்றினார்.

கற்றதை அப்பட்டதாரி உயர்தர வகுப்புள்ள பாடசாலைகளுக்குக் கொண்டு செல்லட்டும். நாடகத்தை நூலில் மட்டும் படிக்கும் மாணவர் அதனைக் கண்ணாலும் காண்பர். வேண்டுவது மண்டபமன்று. இளைஞனுக்கு ஓராண்டுச் சம்பளம், வாத்தியாருக்கு உரிய வேதனம், குழுவினருக்குப் பஸ் கட்டணம். இவற்றை மாகாண சபையின் வரவு செலவுத் திட்டத்திலே எழுதிவிட்டால், வருகின்ற மாசிக்கே தொடங்கலாம்.