பார்ப்பதும் கவனிப்பதும்

(அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் கூட்டத்தில், பெற்றோர்களிடையே செயலாளர் ஆற்றிய உரை)

 

உதவித்தொகை விண்ணப்பத்தோடு வரும் பெற்றோர்களில் பலர் ஒரு குறை சொல்வதுண்டு. "பிள்ளை புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறான், ஆனால் ஒன்றுமே மனதில் ஏறுவதில்லை" என்கிறார்கள். இன்னொரு கவலை, வண்டி எடுத்துக்கொண்டு போகும் நம் இளைஞர்களைப் பற்றியது. இரண்டு கவலைக்கும் அடிப்படை ஒன்றுதான். கண் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூளை அதைக் கவனிக்காமல் இருந்துவிட முடியும்.

1999-ஆம் ஆண்டு அமெரிக்காவில் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வெள்ளைச் சட்டை அணிந்த மூவரும் கறுப்புச் சட்டை அணிந்த மூவரும் பந்தை எறிந்து விளையாடும் படத்தைக் காட்டி, ஒரு அணியினர் எத்தனை முறை பந்தை எறிகிறார்கள் என்று எண்ணச் சொன்னார்கள். நடுவே கொரில்லாக் குரங்கு வேடமிட்ட ஒருவர் மெதுவாக நடந்து வந்து, நின்று, மார்பில் அடித்துக்கொண்டு போகிறார். எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அதைக் காணவே இல்லை!

படித்தவர்கள், பழகியவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 2013-இல் வெளிவந்த ஆய்வில், ஸ்கேன் படம் பார்ப்பதில் தேர்ந்த 24 மருத்துவர்களிடம் நுரையீரல் படங்களைக் கொடுத்துச் சிறு கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். அந்தப் படங்களில் ஒரு கொரில்லா உருவத்தையும் சேர்த்திருந்தார்கள். 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோரின் கண்கள் அந்த உருவத்தின் மீதே பதிந்து சென்றதைக் கருவி பதிவு செய்திருந்தது.

இதன் காரணம் என்ன? கையை நீட்டி உங்கள் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். கண் மிகக் கூர்மையாகப் பார்க்கும் இடம் ஏறக்குறைய அவ்வளவுதான். மற்றவை மங்கலாகவே தெரிகின்றன. கண் நொடிக்கு மூன்று முறை போல இடம் மாறி மாறிப் பார்க்கிறது. வந்து சேரும் அத்தனையையும் மூளையால் ஆராய முடியாது. சிலவற்றுக்கு முன்னுரிமை கொடுத்து மற்றவற்றை ஒதுக்குகிறது. அந்தத் தேர்வைத்தான் கவனம் என்கிறோம். பொருளை உறுதியாக அறிய ஒரு பார்வை போதாது, நின்று கூர்ந்து நோக்க வேண்டும் என்பதை 11-ஆம் நூற்றாண்டிலேயே பஸராவில் பிறந்த அறிஞர் இப்னுல் ஹைஸம் தமது 'கிதாபுல் மனாழிர்' என்ற நூலில் விளக்கியிருக்கிறார்.

கவனத்தை இரண்டு சக்திகள் இழுக்கின்றன. ஒன்று நம் நோக்கம். "இந்தக் கணக்கைப் போட வேண்டும்" என்று முன்மூளை பிடித்து வைக்கிறது. மற்றொன்று திடீர் அசைவு, வெளிச்சம், சத்தம். இவை நம்மைக் கேட்காமலே கவனத்தைப் பறித்துக்கொள்ளும். புதரில் ஏதோ அசைந்தால் உடனே திரும்பிப் பார்க்கிறோமே, அது ஆபத்திலிருந்து நம்மைக் காக்கும் அமைப்பு. செல்போனின் மின்னலும் அதிர்வும் அதே அமைப்பைத்தான் தட்டி எழுப்புகின்றன. பிடித்து வைக்கும் முன்மூளையோ இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் முழு வளர்ச்சி அடைகிறது. ஆகவே பத்து வயதுப் பிள்ளையை "கவனம் இல்லையா?" என்று அதட்டுவதைவிட, கவனத்தைப் பறிப்பதை அப்புறப்படுத்துவது நல்லது.

படிக்கும் நேரத்தில் பிள்ளையை டி.வி.க்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள். செல்போன் அடுத்த அறையில் இருக்கட்டும். பிள்ளையின் போன் மட்டுமல்ல, அத்தா அம்மாவின் போனும்தான். ஒரே அறைதான் வீடு என்றால், அந்த ஒரு மணி நேரம் அணைத்துப் பெட்டிக்குள் வையுங்கள்.

அடுத்தது சாலை. ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு, "கை வண்டியில்தானே இருக்கிறது, கண் ரோட்டில்தானே இருக்கிறது" என்கிறார்கள் நம் பிள்ளைகள். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் குழுவினர் இதைச் சோதித்தார்கள். கையில் பிடிக்காமல் போனில் பேசியபடி ஓட்டியவர்களும் தாமதமாகவே பிரேக் பிடித்தார்கள். கண் பதிந்து பார்த்த பலகைகளைக்கூடப் பின்னர் அடையாளம் காணத் தடுமாறினார்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 14 மீட்டர் ஓடிவிடுகிறது. அந்த 14 மீட்டருக்குள் குறுக்கே வருவது பள்ளி முடிந்து திரும்பும் ஒரு குழந்தையாக இருக்கலாம்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். மகன் வண்டியில் போயிருக்கிறான் என்று தெரிந்தால், "எங்கேப்பா இருக்கே?" என்று போன் போடாதீர்கள். உங்கள் பாசம்தான் அந்த நேரத்தில் அவன் கவனத்தைப் பறிக்கும். "போய்ச் சேர்ந்ததும் நீயே கூப்பிடு" என்று வாசலிலேயே சொல்லி அனுப்புங்கள். மகன்களே, அழைப்பு வந்தால் ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.

இன்று உதவித்தொகை பெறும் பிள்ளைகள் அனைவரும் நன்றாகப் படித்து, நலமாக வீடு வந்து சேர வல்ல இறைவன் அருள்புரிவானாக. வஸ்ஸலாம்.