கழிவுப் பழத்தில் சூடான மசாலாச் சாறு

(மலைப்பகுதிப் பழச் சாகுபடியாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆப்பிள் என்றதும் காஷ்மீரமும் இமாசலமும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. நம் மேல்பழனி மலையிலும் ஆப்பிள் விளைகிறது. கொடைக்கானல் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கே.கே.எல். 1 இரகம் 'பார்லின்ஸ் பியூட்டி' வழி வந்தது. வடநாட்டு இரகங்கள் கேட்கும் அளவு குளிர் இதற்குத் தேவையில்லை. நம் அறுவடை ஏப்ரல் முதல் ஜூலை வரை. வடநாட்டுப் பழம் மண்டியில் குவிவது அதற்குப் பிறகுதான்.

ஆனால் விளைந்த பழம் எல்லாம் கூடையில் ஏறுவதில்லை. காற்றில் உதிர்ந்தவை, பறவை கொத்தியவை, தோலில் சொறி விழுந்தவை ஆகியவற்றை வியாபாரி கழித்து விடுகிறார். அவர் சொல்லும் விலைக்கு அவற்றைத் தள்ளிவிடுவதைவிட, மூடுபனியும் சாரலுமாக இருக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் வீட்டார் அருந்தச் சூடான மசாலாச் சாறு காய்ச்சலாம். பேரிக்காயிலும் இதைச் செய்யலாம்.

முதலில் எந்தப் பழத்தை எடுப்பது என்று தெரிந்துகொள்ள வேண்டும். சொறியும் வடுவும் தோலோடு நிற்பவை, சீவிவிட்டால் போதும். அழுகல் அப்படியல்ல. நீலப் பூசணம் பிடித்த ஆப்பிளில் 'பாட்டுலின்' என்ற நச்சுப்பொருள் உண்டாகிறது. கொதிக்க வைத்தாலும் அது முழுதும் அழிவதில்லை. ஒரு கிலோ ஆப்பிள் சாற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் இது இருக்கக்கூடாது என்று உணவுத் தர விதிகள் கூறுகின்றன. அழுகிய பகுதியை மட்டும் வெட்டிவிட்டு மீதியைச் சட்டியில் போடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஆப்பிளில் அது வேண்டாம். அழுகியதை முழுதுமாக எருக்குழியில் போடுங்கள்.

தரையில் விழுந்த பழத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. தொழு உரம் போட்ட மண்ணிலிருந்தும், மாடு மேய்ந்த இடத்திலிருந்தும் நோய்க்கிருமிகள் பழத்தில் ஒட்டிக்கொள்ளும். 1996-ஆம் ஆண்டு அமெரிக்காவில் காய்ச்சாத ஆப்பிள் சாற்றைக் குடித்துப் பலர் நோயுற்றனர். ஒரு குழந்தை இறந்தது. எனவே உதிர்ந்த பழத்தை நன்கு கழுவ வேண்டும். அதன் சாற்றைப் பச்சையாகக் குடிக்கவே கூடாது. பூச்சி மருந்து அடித்த தோட்டமாயின், மருந்துக்குரிய காத்திருப்புக் காலம் முடியுமுன் உதிர்ந்த பழத்தைத் தொட வேண்டாம்.

இனிச் செய்முறைக்கு வருவோம். 2 கிலோ பழத்தைக் கழுவி, நடுத்தண்டையும் விதையையும் நீக்கித் துண்டுகளாக்குங்கள். விதையை நசுக்கினால் அதிலிருந்து சயனைடு நஞ்சு வெளிப்படும். ஆகவே விதை சட்டிக்குள் போகக்கூடாது. எவர்சில்வர் பாத்திரத்தில் ஒன்றரை லிட்டர் நீர் விட்டு, பழம் குழையும் வரை அரை மணி நேரம் மெல்லிய தீயில் வேகவிட்டு, துணியில் வடிகட்டுங்கள். பழத்தில் புளிப்பு இருப்பதால் ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்களும் அலுமினியமும் ஆகாது.

மசாலாவிற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. கீழ்ப்பழனியில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்தில், காப்பித் தோட்டங்களிலேயே மிளகும் ஏலமும் விளைகின்றன. கிராம்பு 6, ஏலக்காய் 4, மிளகு 10, விரல் நீளப் பட்டை, சிறு துண்டு சுக்கு ஆகியவற்றை ஒன்றிரண்டாகத் தட்டி, சிறு துணியில் கிழியாகக் கட்டிச் சாற்றில் போடுங்கள். தளதளவென்று கொதித்த பின் தீயைக் குறைத்து, பத்து நிமிடம் கழித்துக் கிழியை எடுத்துவிட வேண்டும். கூடுதலாக ஊறினால் கிராம்பின் காரம் பழ மணத்தை அடித்துவிடும். பட்டையில் மெல்லிய சுருளாக உள்ள இலங்கைப் பட்டையே நல்லது. கடையில் மலிவாகக் கிடைக்கும் கெட்டிப் பட்டையில் 'கூமரின்' அதிகம்; நாள்தோறும் குடிப்பவருக்கு அது ஏற்றதல்ல. இனிப்பிற்குப் பனங்கற்கண்டு சேர்க்கலாம். வெல்லமும் சேரும், ஆனால் நிறம் கருக்கும். பேரிக்காயில் புளிப்புக் குறைவு. இறக்கியதும் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் சுவை நிற்கும்.

சில வாரங்கள் வைத்திருக்க விரும்புவோர், கொதிநீரில் போட்டெடுத்த கண்ணாடிப் புட்டிகளில் சூடாகவே ஊற்றி, கழுத்தில் ஓர் அங்குலம் விட்டு மூடுங்கள். அகலப் பாத்திரத்தின் அடியில் துணி விரித்து, புட்டிகளை நிறுத்தி, கழுத்தளவு நீர் ஊற்றிக் காய்ச்ச வேண்டும். கொடைக்கானல் உயரத்தில் நீர் 100 டிகிரியில் அல்ல, ஏறத்தாழ 93 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்துவிடும். அந்தச் சூடு போதும்; நீர் கொதித்த பின் 25 நிமிடம் விடுங்கள். திறந்த புட்டியை இரண்டு நாளில் தீர்த்துவிட வேண்டும். நுரைத்தாலோ மூடி உப்பினாலோ கொட்டிவிடுங்கள். பேரிக்காய்ச் சாற்றை இப்படி வைக்க வேண்டாம்; அன்றன்றே குடித்துவிடுவது நல்லது. சுற்றுலாப் பயணிகளுக்கு விற்க நினைப்போர் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முதலில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

சேமித்த ஆப்பிளைக் காரட்டுடன் ஒரே அறையில் வைக்காதீர்கள். ஆப்பிளிலிருந்து வெளிவரும் எத்திலீன் வாயுவால் காரட் கசந்துபோகும். சாறு எடுத்தபின் எஞ்சும் சக்கையை, புளிக்குமுன், வைக்கோலுடன் கலந்து கறவை மாட்டிற்குச் சிறிதளவு கொடுக்கலாம். அளவு மீறினால் மாட்டின் வயிறு கெடும்.