கொரிந்து நகரத்துப் பந்தி

பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபம் என்று அச்சாகிவரும் கடிதம் உண்மையில் முதலாவது அன்று. தாம் முன்பே ஒன்று எழுதியதாக ஐந்தாம் அதிகாரத்தில் பவுலே சொல்கிறார், அது கிடைக்கவில்லை. சபையார் கேள்விகள் கேட்டு எழுதிய கடிதமும் கிடைக்கவில்லை. குலோவேயாள் என்ற பெண்ணின் வீட்டார் வாய்மொழியாகவும் சேதி கொண்டுபோனார்கள். எபேசுவிலிருந்து பவுல் சொன்ன பதில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கேள்வியை அந்த ஊருக்குள் புகுந்துதான் தேட வேண்டும்.

எப்படிப்பட்ட ஊர் அது? பழைய கொரிந்தை ரோமானியர் கி.மு. 146-இல் அழித்தார்கள். கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் அதை ரோமானியக் குடியேற்றமாக மீண்டும் நிறுவினார். வந்து குடியேறியவர்களில் பலர் விடுதலை பெற்ற அடிமைகள். ஆயிரம் தேவதாசிகள் இருந்த கோயில் என்று பிரசங்க மேடைகளில் அடிக்கடி கேட்கிறதே, அது புவியியலாளர் ஸ்டிராபோ பழைய நகரத்தைப் பற்றி எழுதியது. பவுல் கண்ட நகரத்துக்கு அதை ஏற்றுவது தவறு. பவுல் கண்டது, குலப்பெருமை இல்லாதவர்கள் பணத்தாலும் நாவன்மையாலும் மதிப்புத் தேடிய துறைமுக நகரம். பவுல் அங்கே தங்கியிருந்தபோது ஆளுநராயிருந்த கல்லியோனின் காலத்தை, ஏறத்தாழ கி.பி. 51-ஐ, தெல்பிக் கல்வெட்டு காட்டுகிறது. கடிதம் அதற்குச் சில ஆண்டுகள் பிந்தியது.

சபையைக் குழப்பிய கேள்விகளில் ஒன்று இறைச்சி. கோயிலில் பலியிட்டதில் ஒரு பகுதி அங்கேயே விருந்தாகும்; மிச்சம் கடைக்கு வரும். கொரிந்தின் அஸ்கிளேப்பியஸ் கோயிலில் விருந்துக் கூடங்களையே அகழ்ந்தெடுத்திருக்கிறார்கள். செராப்பிஸ் தெய்வத்தின் பந்திக்கு வரச்சொல்லும் அழைப்போலைகள் எகிப்தின் பாப்பிரஸ் சுவடிகளில் உள்ளன. அழைப்பை மறுத்தால் உறவும் போகும், தொழிலும் போகும். இது தெரிந்தால்தான் பவுலின் நுணுக்கம் புலப்படும். கோயில் பந்தி கூடாது. கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கலாம். நண்பர் வீட்டில் உண்ணலாம். 'இது படைத்தது' என்று எவராவது சொன்னால், அவர் மனச்சாட்சிக்காக விட்டுவிடலாம்.

பதினோராம் அதிகாரத்தில்தான் பவுலின் கோபம் கொதிக்கிறது. அன்று தேவாலயக் கட்டடம் ஏது? வசதியுள்ளவர் வீட்டில் கூடினார்கள். அத்தகைய வீட்டுச் சாப்பாட்டறையில் சாய்ந்துண்ண ஏறத்தாழ ஒன்பது பேருக்கே இடம், மற்றவர்களுக்கு முற்றம். ஆளுக்குத் தக்க உணவும் மதுவும் பரிமாறும் வழக்கத்தை ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி கண்டித்திருக்கிறார், கவிஞர் மார்ஷியல் கிண்டலடித்திருக்கிறார். கர்த்தருடைய பந்தியிலும் அதுவே நடந்தது: ஒருவர் பட்டினி, ஒருவர் போதை. இறையியல் சர்ச்சையாகவே பலரும் படிக்கும் அப்பகுதி, முதலில் ஒரு பந்தி வஞ்சனை வழக்கு. தீர்ப்பும் அதற்கேற்பவே இருக்கிறது: எல்லாரும் வரும்வரை காத்திருக்க வேண்டும், பசி பொறுக்காதவர் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வரட்டும்.